பெயர் நீண்டுகொண்டே போன மனு

திண்டிவனத்தில், மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மண்டி ஒன்றின் மாடியில், மனு மறைகாப்பு இயக்ககத்தின் துணை மையம் இயங்கிவந்தது. இயங்கிவந்தது என்றுதான் அரசாணை கூறுகிறது; நாமும் அவ்வாறே கூறுவோம். அம்மையத்திற்குப் பொறுப்பு அலுவலர், தொழில்நுட்ப உதவியாளர், பதிவு எழுத்தர், காவலர் என நான்கு பணியிடங்கள் ஒப்பளிக்கப்பட்டிருந்தன. நான்கினையும் பெரியநாயகம் ஒருவரே வகித்தார். தொழில்நுட்ப உதவியாளர் என்பது அவர் தேர்வெழுதிப் பெற்ற பணி. ஏனைய மூன்றும் கூடுதல் பொறுப்பாகத் தாமே வந்து சேர்ந்தவை. மையத்தின் பின்னறையிலேயே அவர் குடியிருந்தமையால், காவலர் பணியை மட்டும் உறங்கியவாறே ஆற்றுதல் இயன்றது.

மாதந்தோறும் பணியாளர் கூட்டம் நடத்தப்பட வேண்டும் என்பது விதி. பெரியநாயகம் விதியை மீறுபவர் அல்லர். மேசையின் ஒருபுறம் நின்று பணியாளரின் குறைகளை எடுத்துரைப்பார். பின்னர் மறுபுறம் சென்று நாற்காலியில் அமர்ந்து, ஆவன செய்யப்படும் என்பார். தீர்மானங்கள் யாவும் ஒருமனதாக நிறைவேறின. மின்விசிறி குறித்து ஒருமுறை மட்டும் கருத்து வேற்றுமை தோன்றியது. நல்லவேளையாக அது பெரிதாகவில்லை.

இயக்ககத்தின் நோக்கமோ மிக உயர்ந்தது. பொதுமக்கள் அளிக்கும் மனுக்களைப் பிறர் எவரும் படிக்க இயலாதவாறு மறையெழுத்தாக்கிக் காப்பதே அந்நோக்கம். முற்காலத்தில் மனுக்கள் தாளில் இருந்தன. எவரும் படிக்கலாம் என்ற நிலையிலும் எவரும் படிக்கவில்லை. இப்போது எவராலும் படிக்க முடியாது என்ற நிலை எய்தப்பட்டது. இதனை வளர்ச்சி என்று ஆண்டறிக்கை குறிப்பிட்டது.

இவ்வளர்ச்சிக்குக் கருவியாக அமைந்தது ‘அரண்’ என்னும் இயங்குதளம். உலகின் பல நாட்டவர் கூடி எழுதி, வேண்டுவோர் எடுத்துக்கொள்க என்று பொதுவில் வைத்திருந்த நிரலை எடுத்து, முகப்பில் செஞ்சிக் கோட்டையின் படத்தை ஒட்டி, துறை அதற்கு அப்பெயரைச் சூட்டியிருந்தது. அரண் ஒவ்வொரு கோப்பினையும் மறையெழுத்தாக்கி வன்வட்டில் வைக்கும். கோப்பின் பெயரையும் விடாது மறைத்து வைக்கும். ‘இவ்வியங்குதளம் பிழையற்றது’ என்னும் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துள் எல்லா மையங்களின் சுவரிலும் தொங்கியது.

துறைக்கென ஒரு தனி மரபும் உண்டு. ஒரு மனுவை ஓர் அலுவலர் மற்றோர் அலுவலருக்கு அனுப்பும்போதெல்லாம், அனுப்பியவரின் முழுப் பதவிப் பெயரும் அக்கோப்பின் பெயரோடு சேர்க்கப்படும். துறை தொடங்கிய காலத்தில் உயரலுவலர் ஒருவர், தாம் பார்த்தனுப்பிய கோப்பின் பெயரில் தம் பதவி இடம்பெறாமை கண்டு மனம் புண்பட்டார். அப்புண்ணுக்கு மருந்தாகப் பிறந்த ஆணை இது. பதவிகளைச் சுருக்கி எழுதலாகாது என்றும், கூடுதல் பொறுப்புகளையும் சேர்த்தெழுதல் கடன் என்றும் அது விளக்கியது. ஆதலின் இத்துறையில் ஒரு மனுவின் பெயரைக் கண்ட அளவிலேயே அது பட்ட பாட்டினை அறிந்துகொள்ளலாம். குட்டைப் பெயருடைய மனு இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறது என்று பொருள்.

பெரியநாயகத்திடமும் ஒரு மனு இருந்தது. திண்டிவனத்துக்காரியான அவருடைய மனைவி ரோஸ்லின், தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் வெனிலா அப்பள்ளியிலேயே இரண்டாம் வகுப்புப் படித்தாள். தூத்துக்குடியிலும் இத்துறைக்கு ஒரு துணை மையம் உண்டு. அங்கும் நான்கு பணியிடங்கள், நான்கும் காலி. தம்மை அங்கே மாற்ற வேண்டும் என்று பெரியநாயகம் இரண்டே வரியில் விண்ணப்பித்திருந்தார். கையொப்பமிட வேண்டியவர் விழுப்புரம் மண்டல இயக்குநர் தேவநாதன் ஒருவரே.

விண்ணப்பதாரராகிய பெரியநாயகம், பொறுப்பு அலுவலராகிய பெரியநாயகத்திடம் மனுவைக் கொடுத்தார். அவர் பரிவோடு பெற்று மேலே அனுப்பினார். விழுப்புரத்தில் அது மேசைக்கு மேசை சென்றது. விளக்கம் கேட்டுக் கீழே வந்தது. விளக்கத்தோடு மீண்டும் மேலே சென்றது. ஈராண்டுகளில் அதன் பெயர் பின்வருமாறு வளர்ந்திருந்தது: ‘இடமாற்ற வேண்டுதல் - பெரியநாயகம் - திண்டிவனம் துணை மையப் பொறுப்பு அலுவலர் வழி - விழுப்புரம் மண்டலத் தொழில்நுட்பக் கண்காணிப்பாளர் வழி - விழுப்புரம் மண்டல நிருவாகத் துணை இயக்குநர் மற்றும் மின்விசிறிகள் கூடுதல் பொறுப்பு வழி -’. இது தொடக்கப் பகுதி மட்டுமே. எஞ்சியதைத் தாளின் அருமை கருதி விட்டுவிடுகிறோம்.

அவ்வளர்ச்சியின் ஒரு கட்டத்தில், கோப்பு தேவநாதனின் கணிப்பொறியைச் சென்றடைந்தது. அவர் தொட்டார். திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. இயந்திரம் அணைந்து, தானே எழுந்து, செஞ்சிக் கோட்டையைக் காட்டி நின்றது. மீண்டும் தொட்டார், மீண்டும் விழுந்தது. நாளடைவில் வேறு பல நெடும்பெயர் மனுக்களும் அந்நிலையை எய்தின. ஒவ்வொரு முற்பகலிலும் எவரேனும் ஒருவர் அவற்றுள் ஒன்றைத் தொட, மண்டல அலுவலகமே இருண்டது.

இது பிழை என்று பெரியநாயகம் அறிக்கை எழுதினார். விழுப்புரத்திலிருந்து தொழில்நுட்பக் கண்காணிப்பாளர் மாசிலாமணி தொலைபேசியில் அழைத்தார். அவர் தீயவர் அல்லர். ஓய்வு பெறும் நாளை நோக்கி ஓசையின்றி நடந்துகொண்டிருந்தவர்.

“இன்னா பெரியநாயகம், பிழைன்னு எழுதிட்டியே! செவுத்துல சர்ட்டிபிகேட் தொங்கிக்கினு இருக்குது, கண்ணுல படலியா?”

“அண்ணே, மிஷின் தெனம் விழுதே.”

“விழட்டும்யா. நாம விழலியா? பிழைன்னு எழுதினா சர்ட்டிபிகேட் குடுத்தவரு கோச்சிக்குவாரு. வேற வார்த்தை போடு.”

“வேற இன்னாண்ணே போடறது?”

அதனை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு இரண்டு அமர்வுகளில் ‘தன்னிச்சை ஓய்வு’ என்னும் சொற்றொடரைக் கண்டறிந்தது. ஊழியர்க்குத் தற்செயல் விடுப்பு உள்ளதுபோல் இயந்திரத்திற்கும் ஓய்வு உண்டு என்னும் கருணை அச்சொல்லில் பொதிந்திருந்தது. ‘சிஸ்டம் தன்னிச்சை ஓய்வில் உள்ளது’ என்று பலகை எழுதி மாட்டினர். இயந்திரம் விழுந்தவுடன் அனைவரும் தேநீருக்குச் செல்வதும் வழக்கமாயிற்று.

பெரியநாயகம் விடவில்லை. விடாமைக்குக் காரணம் மாலை ஏழரை மணி. அந்நேரத்தில் ரோஸ்லின் அழைப்பாள். பேச அதிகம் இராது. அவள் தொலைபேசியின் ஒலியைப் பெருக்கி, சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே வைத்துவிடுவாள். அவர் திண்டிவனத்தில் பொட்டலத்தைப் பிரித்து இட்லி உண்பார். அங்கே கரண்டி படும் ஓசையும், மகள் தண்ணீர் குடிக்கும் ஓசையும், “மேல சிந்தாம சாப்புடு” என்னும் அதட்டலும் கேட்கும். சில நாள் அந்த அதட்டலுக்கு அவரும் தம் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வார். இவ்வாறு மூவரும் ஒன்றாக உண்டனர்.

அவருடைய அறிக்கைகள் மிகவே, தன்னிச்சை ஓய்வினை நேரிற் காண ஒரு குழு திண்டிவனம் வந்தது. நிருவாகத் துணை இயக்குநர் கிருஷ்ணவேணி தலைமையில், மாசிலாமணி உள்ளிட்ட ஐவர் மாடிப்படி ஏறினர். நாற்காலி ஒன்றே இருந்தமையால், கீழேயிருந்து மண்டிக்காரர் முருகையன் மல்லாட்டை மூட்டைகளைத் தூக்கி வந்து போட்டார். குழு மூட்டைகளின்மீது அமர்ந்தது.

“இன்னா சார், இவ்ளோ கூட்டம்? யாருனா பூட்டாங்களா?” என்று முருகையன் பெரியநாயகத்தின் காதில் கேட்டார்.

“இன்னும் இல்ல. மிஷின் போவப்போவுது. பாக்க வந்திருக்காங்க.”

“அட பேஜாரே! கார் எடுத்துக்கினு இதைப் பாக்கவா வந்தாங்க?”

கிருஷ்ணவேணி அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆரம்பிக்கலாமா? ஆனா ஒண்ணு. நீங்க தொட்டு விழக்கூடாது. அப்பறம் நீங்கதான் தள்ளி வுட்டீங்கன்னு ஆயிடும். அது தானா விழணும்.”

“தொடாம விழாதுங்க மேடம்.”

“அப்ப எப்பிடி அது தன்னிச்சைன்னு நாங்க எழுதறது?”

இவ்வினா நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. குழுவில் மூத்தவர் ஒருவர், தொடுபவரின் பெயரைக் குறிப்பில் விட்டுவிடலாம் என்று தீர்வு கண்டார். பெரியநாயகம் தம் நெடும்பெயர் மனுவின்மேல் விரலைக் கொண்டுசென்றார். அக்கணமே மின்சாரம் நின்றது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு அது. மின்சாரம் வந்தால்தான் செய்தி. குழு வியர்த்தது, வறுத்த மல்லாட்டை உண்டது, பிறகு எழுந்தது. ‘திரை கறுத்தது உண்மையே, எனினும் விசிறியும் உடன் நின்றமையால் பொறுப்பு இயங்குதளத்தைச் சாராது’ என்று குறிப்பெழுதி, அடுத்த ஆய்வுக்காகக் கிளியனூர் வழியே புதுச்சேரிக்குப் புறப்பட்டது. அங்கு அன்று மாலை அவர்கள் எதனை ஆய்ந்தனர் என்பது குறிப்பில் இல்லை.

வண்டி வளைவு திரும்பியதும் மின்சாரம் வந்தது. பெரியநாயகம் கோப்பினைத் தொட்டார். இயந்திரம் மிக அழகாக, ஒரு குறையுமின்றி விழுந்தது. காண எவரும் இல்லை. அவர் மட்டும், ஒரு மல்லாட்டை மூட்டையின்மேல் அமர்ந்து, வெள்ளை எழுத்துகள் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவ்வெழுத்துகளை அவர் முதன்முறையாகப் படிக்கலானார். விழுமுன் இயந்திரம் எங்கே வலித்தது என்பதை அவ்வெழுத்துகளில் சொல்லிவிட்டே விழுகிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. அரணின் மூலநிரல் உலகப் பொது. வேண்டுவோர் எவரும் படிக்கலாம். துறையில் இதுவரை எவரும் வேண்டவில்லை. பெரியநாயகம் அஞ்சல்வழியில் கணினிப் பட்டம் பெற்றவர். நிரல் படிப்பதில் விரைவு இல்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது படிக்க ஆரம்பித்தவர், தை பிறந்தபின்னரே அவ்விடத்தை அடைந்தார்.

அங்கே நிகழ்ந்தது இதுதான். கோப்பின் பெயரைப் படித்தற்கு, இயங்குதளம் நினைவகத்தில் ஓர் அறையை ஒதுக்கும். பெயர் எவ்வளவு நீளம் என்று கேளாமலே, எல்லாப் பெயர்க்கும் ஒரே அளவு அறை. மறையெழுத்தான பெயரோ இயல்பினும் பெருகும்; தமிழ் எழுத்தாயின் ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தைப்போல் மும்மடங்கு இடம் கொள்ளும். அதன்மேல் பதவிகள். அறை கொள்ளாத பெயர் சுவரை இடித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் புகும். அந்த அடுத்த அறையில்தான் இயங்குதளம் தனக்கு உயிரான குறிப்புகளை வைத்திருந்தது. ‘மின்விசிறிகள் கூடுதல் பொறுப்பு’ என்னும் தொடர் அவ்வுயிர்நிலையின்மேல் போய் அமர்ந்தபோது, இயந்திரம் வேறு வழியின்றி இறந்தது.

பெயரை முதலில் அளந்து, அதற்கேற்ப அறை ஒதுக்கினால் போதும். பெரியநாயகம் சில வரிகள் எழுதி, அந்நிரல்பகுதியைப் பேணிவரும் வெளிநாட்டவர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் வாழ்ந்த அவர் பெயர் ஹால்வர். மறுநாளே பதில் வந்தது. ஒதுக்கிய அறையை வேலை முடிந்ததும் திருப்பித்தர மறந்துவிட்டீர்கள், இப்படியே விட்டால் இயந்திரம் விழுவதற்குப் பதில் மெல்ல மூச்சுத்திணறும் என்று எழுதியிருந்தார். பெரியநாயகம் நாணினார், திருத்தினார், மீண்டும் அனுப்பினார். ஹால்வர் கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். ஒரு கோப்புக்கு இத்துணை நீளமாகப் பெயர் வைப்பவர்கள் யார்?

இதற்கு விடையாகத் துறையின் மரபினைப் பெரியநாயகம் இரண்டு பக்கம் விளக்கினார். படித்துப் பார்த்தபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அழித்தார். ‘அது, என் மனைவியோடும் மகளோடும் ஒரே ஊரில் இருக்க அனுமதி கேட்கும் மனு’ என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

ஹால்வர் எழுதினார்: ‘எனக்கு முழுதும் விளங்கவில்லை. உங்கள் திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். அது திறக்கும் என்று நம்புகிறேன்.’

அவ்வாண்டில் பெரியநாயகத்திற்கு வந்த கடிதங்களுள், எவர் வழியாகவும் வராமல் நேராக வந்தது அது ஒன்றே. அவர் அதனைத் தாளில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உலகம் ஏற்ற திருத்தத்தை அரணில் சேர்க்கத் துறையின் ஒப்புதல் வேண்டும். பெரியநாயகம் கருத்துரு ஒன்று எழுதி, முறைப்படி தம் வழியாகவே மேலனுப்பினார். அது மாசிலாமணி வழியாகவும், கிருஷ்ணவேணி வழியாகவும், பிறர் பலர் வழியாகவும் சென்று, வழியெல்லாம் பதவிகளைச் சுமந்துகொண்டு, சில மாதங்களில் இயக்குநரின் கணிப்பொறியை அடைந்தது.

“யோவ் பெரியநாயகம்,” என்று மாசிலாமணி அழைத்தார். “டைரக்டர் ரூம்ல மிஷின் விழுந்துடுச்சுய்யா.”

“எந்தக் கோப்பைத் தொட்டாருண்ணே?”

“ஒன்னுதுதான். மிஷின் விழாம இருக்க இன்னா பண்ணணும்னு எழுதி அனுப்புனியே, அது.”

கீழே மண்டியில் எவரோ மூட்டையை எடைபோட்டுக் கூவுவது கேட்டது.

“அண்ணே, திருத்தத்தைப் போட்டாத்தான் அந்தக் கோப்பைத் தொறக்க முடியும்.”

“தொறந்து படிச்சு ஓக்கே சொன்னாத்தான் திருத்தத்தைப் போட முடியும்.”

“அப்ப இன்னாண்ணே பண்றது?”

“ஜல்தியா ஒரு நினைவூட்டல் அனுப்பு. சின்னப் பேரா வையி.”

“பேரை நானாண்ணே வெக்கறேன்? நீங்க எல்லாரும் சேந்து இல்ல வெக்கிறீங்க.”

“அதுவும் சரிதான்,” என்று மாசிலாமணி வருந்தினார். அவர் உண்மையாகவே வருந்தினார். ஆனால் அதற்கெனப் படிவம் இல்லை.

மண்டல அலுவலகத்தின் கணிப்பொறிகள்மீது பெரியநாயகத்திற்கு ஒரே ஓர் அதிகாரம் இருந்தது. காலாண்டுக்கு ஒருமுறை விழுப்புரம் சென்று அவற்றின் தூசியை நீக்கலாம். அக்காலாண்டில் அவர் தூரிகையோடு சென்றார், தூசி தட்டினார், தட்டிக்கொண்டிருந்தபோதே திருத்தத்தையும் நிறுவினார். பணிக்குறிப்பில் ‘தூசி நீக்கப்பட்டது’ என்று எழுதினார். அது பொய்யும் அன்று.

மறுநாள் முற்பகல் பதினொரு மணி ஆயிற்று. இயந்திரம் விழவில்லை. பதினொன்றரைக்கும் விழவில்லை. ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தனர். “இன்னாடா இது, விழவே மாட்டேங்குது! டீக்கு எப்பப் போறது?” என்ற முணுமுணுப்பு எழுந்தது. நண்பகலுக்குள் அலுவலகத்தில் பதற்றம் பரவியது. மாலைக்குள் திண்டிவனத்திற்குக் குறிப்பாணை வந்தது. குற்றச்சாட்டு: அனுமதியின்றிப் பழுது இல்லாமற் செய்தமை.

தேவநாதன் அவரைத் தம் அறைக்கு அழைத்து, அமரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தார்.

“நான் கோவப்படல பெரியநாயகம். வருத்தப்படறேன். ரெண்டு வருஷமா அந்த மிஷின் விழுது. அதுக்குன்னு ஒரு நடைமுறை வெச்சிருக்கோம். பலகை மாட்டியிருக்கோம். ஜனங்க வந்தா பலகையைப் பாத்துட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா? நேத்து ஒரு ஆளு வந்தான். பலகையைப் பாத்தான். மிஷின் ஓடிக்கினு இருக்கறதையும் பாத்துட்டான். நேரா உள்ள வந்து, ‘சார், என் மனு இன்னா ஆச்சு?’ன்னு என்னியே கேக்கறான். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அப்பிடிக் கேட்டதில்ல. நான் இன்னா பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க.”

“மனு இப்ப தொறக்குது சார். தொறந்து படிச்சுச் சொல்லலாம்.”

“படிச்சா முடிவெடுக்கணும். முடிவெடுத்தா அது தப்பாயிடலாம். இத்தினி நாளா இந்த ஆபீஸ்ல ஒரு தப்பான முடிவு உண்டா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.”

பெரியநாயகம் நெஞ்சைத் தொட்டார். சட்டைப்பையில் ஹால்வரின் கடிதம் தட்டுப்பட்டது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு,” என்று தேவநாதன் இளகினார். “எடுத்ததை எடுத்த எடத்திலயே வெச்சிடுங்க. அப்பறம் நான் முறைப்படி விழா வெச்சு எடுக்கறேன்.”

“பிழையை மறுபடி போடச் சொல்றீங்களா சார்?”

“பிழைன்னு சொல்லாதீங்க. சர்ட்டிபிகேட் இருக்குது. விழா முடியட்டும், மொதல்ல ஒங்க டிரான்ஸ்பரைத்தான் தொறப்பேன். மேடையிலயே தொறக்கறேன். போதுமா?”

அவ்வொரு சொல்லுக்காகப் பெரியநாயகம் தம் திருத்தத்தை நீக்கினார். ஒரு மழைக்காலம் முழுதும் தேடிக் கண்ட பிழையை, அது இருந்த இடத்திலேயே, பத்திரமாகத் திரும்ப வைத்தார். மறுநாள் பதினொரு மணிக்கு இயந்திரம் விழுந்தது. அலுவலகம் நிம்மதியாகத் தேநீர் அருந்தியது.

அன்று மாலை அவர் ரோஸ்லினிடம், “இந்தத் தடவை ஆயிடும் போலக்குது. மேடையிலயே தொறக்கறேன்னு சொல்லியிருக்காரு,” என்றார்.

“நெசமாவா? அப்ப பக்கத்துத் தெருவுல ஒரு வூடு காலியா இருக்குது, சொல்லி வெக்கட்டுமா? இந்த வூட்டுல மூணு பேருக்கு எடம் பத்தாது.”

“சொல்லி வையேன்.”

தன்னிச்சை ஓய்வு நிறைவு விழா விழுப்புரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. பந்தலும் பதாகையும் குறைவற அமைந்தன. மேடையில் ஒரு கணிப்பொறி மாலையோடு வீற்றிருந்தது. தேவநாதன் உரையாற்றினார்.

“நம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம மன்னன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் ஒரு கோயிலைக் குடைந்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. நான் கேட்கிறேன், அது என்ன பெரிய சாதனை? நம் துறை ஊழியர் இல்லாமல், நாற்காலி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், ஏன், ஒரு முடிவுகூட இல்லாமல் இத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறது! எந்த மன்னனால் இது முடியும்?”

கைதட்டல் எழுந்தது. தொடர்ந்து அவர் கோப்பினைத் தொட்டார், இயந்திரம் மாலையோடு விழுந்தது, நாதஸ்வரம் முழங்கியது. ஓரமாக நின்றிருந்த பெரியநாயகம் கைகாட்டப்பட்டபோது வந்து திருத்தத்தை நிறுவி, கைகாட்டப்பட்டபோது விலகினார். தேவநாதன் மீண்டும் தொட்டார். கோப்பு திறந்தது.

முதலில் அதன் பெயரைப் படிக்க வேண்டும் அல்லவா? அவர் உரத்த குரலில் படித்தார். “திண்டிவனம் துணை மையப் பொறுப்பு அலுவலர் வழி, விழுப்புரம் மண்டலத் தொழில்நுட்பக் கண்காணிப்பாளர் வழி...” ஒவ்வொரு பதவியும் ஒலிக்கையில், அதனை வகித்தவர் தத்தம் இருக்கையில் எழுந்து கைகூப்பி அமர்ந்தார். சிலர் அப்பெயரில் மும்முறை வந்தமையால் மும்முறை எழுந்தனர். கிருஷ்ணவேணி அம்மையாருக்கு மின்விசிறிக்காகத் தனிக் கைதட்டல் கிடைத்தது. பெயர் முடிவதற்குள் மண்டபத்தின் பின்வரிசை உணவுக்கூடத்திற்குச் சென்றுவிட்டது. ‘பெரியநாயகம்’ என்னும் சொல் மிகத் தொடக்கத்திலேயே வந்து போனமையால், பெயரைக் கேட்டு முடித்த எவர் நினைவிலும் அது தங்கவில்லை.

பின்னர் உள்ளே இருந்த இரண்டு வரிகளையும் படித்தார். படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், குழந்தை ஏங்குகிறது. கல்லும் கரையும் மனு இது. இதன்மேல் இப்போதே, இந்த மேடையிலேயே, உங்கள் கண்முன்னாலேயே நடவடிக்கை எடுக்கிறேன்.”

பெரியநாயகம் மேடை ஓரத்துத் தூணைப் பற்றிக்கொண்டார்.

தேவநாதன் ஒரு பொத்தானை அழுத்தினார். பிறருக்கு அனுப்புதற்குரிய பொத்தான் அது. ‘விழுப்புரம் மண்டல இயக்குநர் மற்றும் விழாக்கள் கூடுதல் பொறுப்பு வழி’ என்னும் தொடர் கோப்பின் பெயரோடு போய் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் மூச்சடக்கித் திரையைப் பார்த்தனர். திரை கறுக்கவில்லை. பெயர் முழுதாக, ஓர் எழுத்தும் குறையாமல், நின்றது.

“பார்த்தீர்களா!” என்று இயக்குநர் உணர்ச்சி பொங்கக் கூவினார். “விழவில்லை! முன்பெல்லாம் ஒரு மனுவைச் சில முறைதான் அனுப்ப முடிந்தது. அதற்குமேல் இயந்திரம் தடுத்தது. இனி எந்தத் தடையும் இல்லை. இனி ஒரு மனுவை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம்!”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மாசிலாமணி மட்டும் தட்டாமல், தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் பெரியநாயகம் பேருந்தில் திண்டிவனம் திரும்பினார். அவருக்கு அணிவித்த சால்வையை மடியில் வைத்திருந்தார். மாடியேறிக் கணிப்பொறியை இயக்கியபோது, அவருடைய மனு அவருக்கு முன்னரே வந்து காத்திருந்தது. பெரியநாயகத்தை விடுவித்தால் திண்டிவனம் மையம் இயங்குமா என்று பொறுப்பு அலுவலரின் கருத்து கேட்டு இயக்குநர் கீழனுப்பியிருந்தார். பொறுப்பு அலுவலர் மேசையின் மறுபுறம் சென்று அமர்ந்தார். எதிரே எவரும் நிற்கவில்லை. வழக்கமாக நிற்பவர் இப்போது நாற்காலியில் இருந்தார். நெடுநேரம் சிந்தித்து, ‘இயங்கும்’ என்று எழுதி மேலனுப்பினார். ‘திண்டிவனம் துணை மையப் பொறுப்பு அலுவலர் வழி’ என்று பெயர் மேலும் ஒரு முழம் நீண்டது. நீண்டும் இயந்திரம் சிறிதும் சலிக்கவில்லை. இங்கும் அவர் நிறுவியிருந்த திருத்தம் பழுதற்றது.

ஹால்வரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ‘திறந்ததா?’ என்று கேட்டிருந்தார். ‘திறந்தது, நன்றி’ என்று பெரியநாயகம் பதில் எழுதினார்.

ஏழரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

“இன்னாங்க, தொறந்தாரா?”

“தொறந்தாரு. எல்லாரும் கைதட்டினாங்க.”

“கையெழுத்து?”

“எங்கிட்ட அனுப்புனாரு. நான் மறுபடி மேல அனுப்பியிருக்கேன்.”

ரோஸ்லின் கேட்டாள். “இனிமே மிஷின் விழாதா?”

“விழாது. அதைத்தான் சரி பண்ணிட்டேனே.”

“எவ்ளோ தரம் போனாலுமா?”

“எவ்ளோ தரம் போனாலும்.”

“விழறப்பவாவது, இன்னாடா இதுன்னு நாலு பேரு ஒங்க மனுவைத் திரும்பிப் பாத்தாங்க,” என்றாள் அவள்.

பெரியநாயகம் சால்வையை மடித்து நாற்காலியின்மேல் வைத்தார். “வூட்டுக்காரம்மா கிட்ட இன்னும் கொஞ்ச நாள் ஆவும்னு சொல்லிக்கிறேன்,” என்றாள். பிறகு உட்புறம் திரும்பி, “வெனிலா, தட்டு எடுத்துக்கினு வா. அப்பா லைன்ல இருக்காரு,” என்று கூப்பிட்டாள்.

தொலைபேசி மரப்பலகையின்மேல் வைக்கப்படும் ஓசை கேட்டது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அவர் இட்லிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தார்.

“மேல சிந்தாம சாப்புடு,” என்றது அங்கிருந்து ஒரு குரல்.

அவர் குனிந்து தம் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.